எது முன்னே? எது பின்னே?



அறிவியல் கண்காட்சியில் மூலையில் ஒரு மேசை போட்டு, வெட்டின குளிர்பான பாட்டிலும் மழை வரைபடமும் வைத்திருந்தோமே, ஞாபகம் இருக்கா? அந்த வரைபடம் தப்பு. கணக்கு தப்பில்லை, அளந்ததும் தப்பில்லை. ஆனா படத்தைப் பார்த்தவங்க எல்லாரும் நாங்க சொல்ல வந்ததுக்கு நேர் எதிரா புரிஞ்சிக்கிட்டுப் போனாங்க. ஏன் அப்படி ஆச்சு, எப்படிச் சரி பண்ணோம் என்பதுதான் இந்தக் கட்டுரை. கம்ப்யூட்டர்ல சார்ட் போடுற எல்லாருக்கும் ஒரு நாள் இது நடக்கும். அதனால பொறுமையாப் படிங்க.

முதல்ல கதை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது யாருக்கும் மறந்திருக்காது. நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. கடந்ததும் போயிருந்தா பரவாயில்லை, பல மணி நேரம் நகராம அங்கேயே நின்னு கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை வரைக்கும் 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஒரு வருஷம் முழுக்க நமக்குப் பெய்யுற மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில்!

நானும் என் கூட்டாளியும் அந்த ஐப்பசி முதலே வீட்டு மாடியில் பாட்டில் வைத்து மழை அளந்துக்கிட்டு இருந்தோம். ரெண்டு லிட்டர் பாட்டிலின் தலையை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனல் மாதிரி வைக்கணும். அடியில் மேடு பள்ளமா இருக்கும் இல்லையா, அங்கே கூழாங்கல் போட்டு, தண்ணி ஊற்றி, நேர் பாகம் ஆரம்பிக்கிற இடத்தில் பூஜ்யம்னு கோடு போடணும். அதுக்கு மேல ஸ்கேல் ஒட்டினால் மழைமானி ரெடி. தினம் காலை எட்டரை மணிக்குப் பார்த்து எழுதுவோம். வானிலை ஆய்வு மையமும் அந்த நேரத்தைத்தான் கணக்கா வைக்குது. அதனால 30ஆம் தேதி பகலும் ராத்திரியும் பெய்த மழை டிசம்பர் 1 என்ற தேதியில் பதிவாகும்.

டிசம்பர் 1 காலையில் போய்ப் பார்த்தா பாட்டில் நிரம்பி வழிஞ்சிருக்கு! எங்க ஸ்கேல் 20 சென்டிமீட்டரோட முடிஞ்சிடும். அதனால எங்க நோட்டில் "20, வழிந்துவிட்டது" என்றுதான் எழுத முடிஞ்சது.

அதுக்கப்புறம்தான் முக்கியமான விஷயம். திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே சாத்தனூர் அணை இருக்கு. முழுக் கொள்ளளவு 119 அடி. புயல் உள்ளே நகர்ந்து அந்தப் பக்கமும் கொட்டினதில் அணைக்கு வெள்ளம் பாய்ந்து வந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீரைத் திறந்துவிட்டாங்க. அது விழுப்புரம், கடலூர் வழியா ஓடி வந்து, நம்ம பாகூர் கொம்யூனில் ஆற்றோரக் கிராமங்களுக்குள் புகுந்தது. சாதாரணமா இதே தென்பெண்ணைத் தண்ணீர்தான் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியா அடக்கமா பாகூர் ஏரிக்கு வரும். அன்னைக்கு வாய்க்காலாவது ஒண்ணாவது!

ஆக, நம்ம பக்கம் பெருமழை பெய்த நாள் வேற, ஆற்றோர ஊரில் வெள்ளம் வந்த நாள் வேற. மழை குறைஞ்ச பிறகுதான் வெள்ளம் வந்தது. இதைக் காட்டத்தான் நாங்க வரைபடமே போட்டோம். எக்செல்லில் தினசரி மழையைத் தூண் தூணா போட்டு, வெள்ளம் வந்த டிசம்பர் 2, 3 தேதிகளுக்கு மேலிருந்து கீழ் வரை ஒரு நீலப் பட்டை வரைந்தோம். டிசம்பர் 1 தூணுக்கு மேல, பாட்டில் வழிஞ்சதைக் காட்ட ஒரு சிவப்பு அம்புக்குறி. சொந்தமா வரைந்த ரெண்டே ரெண்டு படம், அவ்வளவுதான்.

கண்காட்சிக்கு வந்த பெற்றோர் ஒருத்தர் பார்த்துட்டு, "ஓ, ரெண்டாம் தேதியும் மூணாம் தேதியும்தான் பெரிய மழையா?" என்றார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்து, ஆற்றோர ஊரிலிருந்து பேத்தியோட வந்த ஒரு ஆயா ரொம்ப நேரம் பார்த்தாங்க. "தம்பி, புயல் அன்னைக்கு இவ்ளோதானா மழை? மத்த நாளோட கொஞ்சம்தான கூட இருக்கு? அப்புறம் எங்க ஊருக்குத் தண்ணி வந்தப்ப வானத்துல ஒண்ணும் இல்லப்பா. சொட்டு சொட்டா விட்டுக்கிட்டுதான் இருந்துச்சி. நீ என்னமோ நீலமா ரொப்பி வச்சிருக்க?" என்று கேட்டாங்க. அந்த ராத்திரி அவங்க மாடியில் உட்கார்ந்திருந்தவங்க. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

அப்புறம்தான் படத்தை நாங்களே நல்லாப் பார்த்தோம். நீலப் பட்டை, டிசம்பர் 2, 3 தேதிகளின் குட்டித் தூண்களை முழுசா மூடியிருந்தது. பார்க்கிறவங்களுக்கு அந்தப் பட்டையே பெரிய தூண் மாதிரி தெரிஞ்சது. சிவப்பு அம்புக்குறியைக் காணவே காணோம்! அது வரைபடத்துக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சிருந்தது. பின்னாடி இருக்க வேண்டியது முன்னாடி, முன்னாடி இருக்க வேண்டியது பின்னாடி.

கணினி சாரிடம் காட்டினோம். அவர் சிரிச்சிட்டு, "உங்க வீட்டு வாசல்ல கலர்க் கோலம் போடுறதைப் பார்த்திருக்கியா?" என்று மட்டும் கேட்டார்.

பொங்கலுக்கு என் அக்கா போடுவா. முதல்ல வெள்ளைக் கோடு. அப்புறம் உள்ளே கலர்ப் பொடி தூவுவா. தூவும்போது பொடி கோட்டு மேல விழுந்து கோடு மங்கிடும். அதனால கடைசியா இன்னொரு தடவை வெள்ளைக் கோட்டை மேல இழுத்துவிடுவா. கடைசியில் விழுந்ததுதான் கண்ணுக்குத் தெரியும். இந்தச் சுவர் இதழையே எடுத்துக்கங்க. தலைப்பை எழுதிட்டு அது மேல பூப்படத்தை ஒட்டினா தலைப்பு போச்சு. (போன இதழில் அப்படி ஒரு விபத்து நடந்தது. யார் செய்ததுன்னு சொல்ல மாட்டேன்.)

கம்ப்யூட்டரும் இப்படித்தான் வரையுது. ஒண்ணை வரையும், அது மேல அடுத்ததை வரையும். அடியில் இருந்த புள்ளிகளின் நிறம் அழிஞ்சு மேல் நிறம் ஏறிடும். கீழே என்ன இருந்ததுன்னு திரைக்கு ஞாபகம் கிடையாது. இந்த முறைக்கு 'ஓவியர் முறை' என்று பெயர். ஓவியர் முதலில் வானம், அப்புறம் மலை, அப்புறம் மரம், கடைசியில் மரத்தடியில் நிற்கிற மாடு என்று தூரத்திலிருந்து கிட்டத்துக்கு வருவார் இல்லையா, அதுதான். 1972இல் நியூவெல் சகோதரர்கள் இருவரும் சாஞ்சா என்பவரும் சேர்ந்து, முப்பரிமாணப் படங்களை இப்படி வரிசைப்படுத்தி வரைவது பற்றி ஒரு கட்டுரை எழுதினாங்க. அந்த மார்ட்டின் நியூவெல்தான் பிறகு கம்ப்யூட்டர் வரைகலையில் பிரபலமான தேநீர்க் கூஜா படத்தை உருவாக்கினவர்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வரிசையை மாற்றுவது சுலபம்னு நினைச்சோம். நீலப் பட்டையைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து, 'சென்ட் டு பேக்' கொடுத்தோம். நகரவே இல்லை. பத்து தடவை கொடுத்தோம். ம்ஹூம்! மவுஸ் கெட்டுப்போச்சோன்னு வேற மவுஸ் மாட்டிப் பார்த்தோம் என்றால் எங்க அறிவைப் பாருங்க.

காரணம் இதுதான். எக்செல்லில் படங்கள் குடியிருக்க ரெண்டு வீடு உண்டு. வரைபடத்தை கிளிக் செய்து தேர்ந்தெடுத்த நிலையில் ஒரு ஷேப் வரைந்தால், அது வரைபடத்துக்கு உள்ளே போய்விடும். வரைபடத்தை நகர்த்தினால் கூடவே நகரும். ஆனா உள்ளே இருக்கிற ஷேப் எல்லாம் மொட்டை மாடிவாசிகள். தூண், கோடு எல்லாவற்றுக்கும் மேலேதான் எப்பவும் இருக்கும். 'சென்ட் டு பேக்' கொடுத்தால் மற்ற ஷேப்புகளுக்குப் பின்னால் போகுமே தவிர, தூணுக்குப் பின்னால் இறங்கவே இறங்காது. எங்க நீலப் பட்டை இந்த வகை.

வரைபடத்தைத் தேர்ந்தெடுக்காம வரைந்தால், ஷேப் வெளியே, தாளின் மேல் உட்காரும். அப்போ வரைபடம் முழுசும் ஒரு அட்டை, ஷேப் இன்னொரு அட்டை. எது மேல் என்பது நம்ம இஷ்டம். எங்க அம்புக்குறி இந்த வகை. நான்தான் அவசரத்தில் வரைபடத்துக்கு 'பிரிங் டு ஃப்ரன்ட்' கொடுத்திருக்கேன். வரைபடத்தின் வெள்ளைப் பின்னணி அம்புக்குறியை மூடிடுச்சு. ஒரே படத்தில் ரெண்டு ஷேப், ரெண்டு வெவ்வேறு வீடு, ரெண்டு வெவ்வேறு தப்பு!

அம்புக்குறியைச் சரி பண்றது எளிது. கட் செய்து, வரைபடத்தைத் தேர்ந்தெடுத்து, பேஸ்ட் செய்தால் உள்ளே வந்துவிடும். அது எல்லாத்துக்கும் மேலேதானே வேணும், பிரச்சினை முடிஞ்சது.

நீலப் பட்டைதான் படுத்தி எடுத்தது. முதல்ல ஒரு குறுக்கு வழி செய்தோம். பட்டையை வெளியே எடுத்துத் தாளில் வைத்து, வரைபடத்தின் பின்னணிக்கு 'நோ ஃபில்' கொடுத்தோம். இதை ரெண்டு இடத்தில் கொடுக்கணும். வெளிச் சட்டத்துக்கு ஒன்று, தூண்கள் நிற்கிற உள் கட்டத்துக்கு ஒன்று. ஒன்றை விட்டாலும் மறைக்கும். ரெண்டும் கண்ணாடி மாதிரி ஆனதும், பின்னாலிருக்கிற பட்டை தெரிஞ்சது, தூண்கள் அதுக்கு முன்னால் நின்னது. சூப்பர்னு கத்தினோம்! அப்புறம் என் கூட்டாளி வரைபடத்தை ஓரமா கொஞ்சம் இழுத்தான். பட்டை பழைய இடத்திலேயே நின்னு, இப்போ டிசம்பர் 5, 6 தேதிகளுக்கு வெள்ளம் வந்துவிட்டது! ரெண்டையும் குரூப் பண்ணினால் சேர்ந்து நகரும், உண்மைதான். ஆனா நடுவில் ஒரு நாள் தகவலைச் சேர்த்தால் தூண்கள் எல்லாம் நகர்ந்துவிடும், பட்டை நகராது. கண்ணளவா வைத்த படத்துக்கு எண்ணோட சம்பந்தமே இல்லை. பொய் சொல்ற படத்தை விட, நாளைக்குப் பொய் சொல்லப் போற படம் ஆபத்து.

அப்போதான் சார் சொன்னார், "பட்டையைப் படமா வரையாதே. அதையும் ஒரு தகவலா போடு." அதாவது, மழைப் பத்திக்குப் பக்கத்தில் 'வெள்ளம்' என்று இன்னொரு பத்தி. டிசம்பர் 2, 3க்கு நேரா 50 என்று போடணும், மற்ற நாளெல்லாம் காலி. எங்க அளவு அச்சு 50 வரை இருந்ததால் 50. இதையும் தூணா வரைந்து, தூண்களுக்கு இடையிலான இடைவெளியைப் பூஜ்யமாக்கினால், ரெண்டு நாளும் சேர்ந்து ஒரே பட்டையா ஆகிவிடும். தேதி நகர்ந்தால் பட்டையும் நகரும். ஏன்னா அது இப்போ அந்தத் தேதிக்குச் சொந்தம்.

ஆனா மழைத் தூணும் வெள்ளத் தூணும் ஒரே குழுவில் இருந்தால் ரெண்டுக்கும் ஒரே இடைவெளிதான் கிடைக்கும். அதனால ஒன்றை இரண்டாம் அச்சுக்கு, அதாவது 'செகண்டரி ஆக்ஸிஸ்'க்கு, மாற்றணும். நாங்க வெள்ளத்தைத்தான் மாற்றினோம். 'இரண்டாம்' என்றால் பின்னாடி போகும் என்று நம்பிக்கை. மறுபடியும் பட்டை முன்னாடி வந்து நின்னு எங்களைப் பார்த்துச் சிரிச்சது! எக்செல்லில் முதல் அச்சைச் சேர்ந்தது எல்லாம் முதலில் வரையப்படும். இரண்டாம் அச்சைச் சேர்ந்தது அப்புறம், அதாவது மேலே. ஒவ்வொரு அச்சுக்குள்ளேயும் ஒரு வரிசை உண்டு: நிரப்பின பரப்பு முதலில், அடுத்து தூண்கள், அதன் மேல் கோடுகள், அதுக்கும் மேல் புள்ளிப் படம். எனவே எது முன்னால் தெரியணுமோ அதைத்தான் இரண்டாம் அச்சுக்கு அனுப்பணும். மழையை அனுப்பினோம். வேலை முடிஞ்சது. ஒரே ஒரு எச்சரிக்கை: ரெண்டு அச்சுக்கும் 0 முதல் 50 என்று ஒரே அளவை நாமளே எழுதிக் கொடுக்கணும். எக்செல்லின் இஷ்டத்துக்கு விட்டால் இடது பக்கம் ஒரு கணக்கு, வலது பக்கம் ஒரு கணக்கு என்று ஆகிவிடும்.

பட்டை இப்போ பின்னாடி போனதும், கட்டக் கோடுகள் அந்த இடத்தில் மட்டும் மறைஞ்சிருந்தது. எக்செல்லில் அந்தக் கோடுகள்தான் எல்லா தூணுக்கும் அடியில். பட்டையைக் கொஞ்சம் ஒளிபுகும்படி செய்ததும் தெரிஞ்சது.

டிசம்பர் 1 தூணுக்கு வருவோம். வெறும் அம்புக்குறி போதாதுன்னு ஆயா கேட்ட கேள்வியே சொல்லிடுச்சு. அதனால 46 என்ற எண்ணை வெளிர் மஞ்சள் தூணா, புள்ளிக் கோட்டு ஓரத்தோட சேர்த்தோம். அது புதுச்சேரி நகரத்தில் வானிலை மையம் அளந்தது, எங்க மாடியில் அளந்தது இல்லை. அந்த வித்தியாசம் தெரியத்தான் புள்ளிக் கோடு. எங்க 20 அழுத்தமான நிறத்தில் அதே இடத்தில் நிற்கணும். ரெண்டையும் ஒன்றின் மேல் ஒன்றா நூறு சதவீதம் பொருத்தினால், பட்டியலில் பின்னால் வருவது மேலே வரும். எங்களுக்கு முதலில் மஞ்சள் மேலே வந்து 20 காணாமல் போச்சு. 'செலக்ட் டேட்டா'வில் மேல் கீழ் அம்புகள் இருக்கு. அதைத் தட்டி 46ஐ முன்னால் அனுப்பினோம், அதாவது பின்னால். (குழப்பமா இருக்கா? பட்டியலில் முன்னால் என்றால் படத்தில் பின்னால். வரிசையில் முதலில் போய் உட்கார்றவன் கடைசியில் வர்றவனால் மறைக்கப்படுவான், குரூப் போட்டோ மாதிரி.)

இதையெல்லாம் பார்த்துக்கிட்டிருந்த பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஒருத்தங்க, "இதுக்கா இவ்ளோ நாள்? பைத்தானில் ஒரே ஒரு எண்தான்" என்றாங்க. பைத்தானில் வரைபடம் போட மேட்பிளாட்லிப் என்று ஒன்று இருக்கு. ஜான் ஹண்டர் என்ற மூளை ஆராய்ச்சியாளர் தன் ஆராய்ச்சிக்குப் படம் போட எழுதி, 2003இல் வெளியிட்டார். 2012இல் அவர் இறந்துட்டார், ஆனா உலகம் முழுக்க அதைப் பயன்படுத்துறாங்க. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் 'இசட்-ஆர்டர்' என்று ஒரு எண். சின்ன எண் முதலில் வரையப்படும், பெரிய எண் மேலே. நாம ஒண்ணும் சொல்லாவிட்டால் தூண், பட்டை மாதிரி நிரப்பின உருவங்களுக்கு 1, கோடுகளுக்கு 2, எழுத்துக்கு 3. தூணும் பட்டையும் ரெண்டுமே 1 என்பதால் யார் பின்னால் எழுதினமோ அது மேலே ஏறும். பட்டைக்கு 0 கொடுத்தால் போதும், தானா பின்னாடி போய்விடும். பொறாமையா இருந்தது!

ஆனா அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கு. இரண்டாவது அச்சு சேர்த்தால் அது முழுசா ஒரு தனிக் கண்ணாடித் தாள். முதல் தாளில் இருக்கிற பொருளுக்கு நீங்க 100 கொடுத்தாலும் இரண்டாம் தாளுக்கு மேல் வராது. தாளைத்தான் மாற்றணும், பொருளை இல்லை. எங்க எக்செல் மொட்டை மாடிக் கதையேதான். எண் எவ்வளவு என்பதுக்கு முன்னால், அது எந்த வீட்டில் குடியிருக்கு என்று பார்க்கணும்.

ஒரே ஒரு ஆசை மட்டும் நேரா நிறைவேறலை. மழைத் தூண் பாட்டிலுக்குள்ளே இருக்கிற மாதிரி காட்ட விரும்பினோம். பாட்டிலின் பின்பக்கம் தண்ணிக்குப் பின்னால், முன்பக்கக் கண்ணாடிப் பளபளப்பு தண்ணிக்கு முன்னால். ஒரே பாட்டில் ஒரே நேரத்தில் பின்னாலும் இருக்கணும் முன்னாலும் இருக்கணும்! என் தாத்தா கீத்து முடையறப்ப பார்த்தா ஒவ்வொரு ஓலையும் ஒன்றுக்கு மேலயும் அடுத்ததுக்குக் கீழயும் போகும். அதை எந்த வரிசையில் வரைந்தாலும் சரியா வராது. நியூவெல் காரங்களும் இந்த மாதிரி பின்னிக் கிடக்கிற உருவங்களுக்கு ஒரே வழிதான் சொன்னாங்க: துண்டா வெட்டு. நாங்களும் பாட்டிலை ரெண்டா வெட்டினோம். வெளிர் சாம்பல் பின்பக்கத்தை, இதுவரை சொன்ன மாதிரி, முதல் அச்சில் ஒரு தகவலா போட்டோம். முன்பக்க விளிம்பை மட்டும், உள்ளே நிறமில்லாத ஷேப்பா வரைபடத்துக்குள் வரைந்தோம். அது மொட்டை மாடியில் நின்னாலும் யாரையும் மறைக்காது. ஆனா இதிலும் நகர்கிற சிக்கல் இருக்கு, அதனால டிசம்பர் 1 தூணுக்கு மட்டும்தான் பாட்டில் போட்டோம்.

புதுப் படத்தை இந்த இதழுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கோம். போன வாரம் அந்த ஆயா பேத்தியைக் கூப்பிட வந்தப்ப காட்டினேன். நீலப் பட்டைக்குள்ளே நிற்கிற ரெண்டு குட்டித் தூணையும் விரலால் தொட்டுப் பார்த்தாங்க. "ஆங்... இதான். இந்தத் தூறல்லதான் நாங்க மாடியில உக்காந்திருந்தோம்" என்றாங்க. அப்புறம் மஞ்சள் தூணைப் பார்த்துட்டு, "பாட்டில் பத்தலயா? அடுத்த வருஷம் குடம் வையி" என்று சொல்லிட்டுப் போயிட்டாங்க.

கோப்பு கணினி அறையில் மூன்றாவது கம்ப்யூட்டரில் இருக்கு. 'மழை பழசு', 'மழை புதுசு' என்று ரெண்டையும் வைத்திருக்கோம். பழசைத் திறந்து நீலப் பட்டையை நகர்த்திப் பாருங்க. தயவுசெய்து சேவ் பண்ணாதீங்க!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு